மாக்குலா நீர்வீக்கமும் விழித்திரைப் படங்களும்

மாக்குலா நீர்வீக்கம் என்பது விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலாவில் நீர் கசிந்து தேங்குவதால் பார்வை மங்கும் நிலை ஆகும். சர்க்கரை நோயாளிகளின் பார்வை குறைவதற்கான முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இதைக் "கண் நரம்பில் நீர் கோத்திருக்கிறது" என்பார்கள். வலி கிடையாது. கண் சிவப்பதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தால்தான் நோய் வெளிப்படும். எந்த வகையில் ஒளியைச் செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, வெளிப்படுவதும் மாறும். 1851 முதல் விழித்திரையைப் பார்க்கவும் படம்பிடிக்கவும் உருவான கருவிகளின் வரலாறு, ஒரு பங்கு, இந்த நீரைத் தேடிய வரலாறுதான்.

அந்தக் கருவிகள் இரு வகையாகப் பிரிந்து வளர்ந்தன. ஒன்று விழித்திரையை மேலிருந்து பார்த்துத் தட்டையாகப் படமெடுப்பது. இது மலிவானது, எடுத்துச் செல்ல எளிது, இன்று கைப்பேசியிலேயே இயங்குகிறது. மற்றொன்று விழித்திரையின் தடிமனை அளப்பது. இது விலை கூடியது, பெரும்பாலும் பெரிய மருத்துவமனையிலேயே நிலையாக இருப்பது. நீர்வீக்கமோ தடிமனில் ஏற்படும் மாற்றம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் போன்ற மலையூர்களில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு பாடநூல் விவரமாக நின்றுவிடுவதில்லை. எந்தக் கருவி மலையேறி வரும், எப்போது நோயாளி மலையிறங்க வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

நீர் எங்கிருந்து வருகிறது

விழித்திரை, கண்ணின் பின்சுவரை ஒட்டிய மெல்லிய நரம்புப் படலம். அதன் நடுவில் ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்தில் மாக்குலா உள்ளது; மாக்குலாவின் நடுவில் ஃபோவியா என்னும் சிறு குழி. எழுத்து படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, பேருந்தின் பெயர்ப்பலகையைப் பார்ப்பது, எதிரில் வருபவரை முகம் பார்த்து அறிவது எல்லாம் அந்தக் குழியையும் அதைச் சுற்றியுள்ள சிறு இடத்தையும் நம்பியவை.

நலமான கண்ணில் இந்தப் படலம் ஊறிப்போவதில்லை. அதன் இரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாக இணைந்துள்ளன. படலத்துக்கு அடியில் இருக்கும் நிறமிச் செல் அடுக்கு, சேரும் நீரை ஓயாமல் உறிஞ்சிப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. பல ஆண்டுகள் நீடித்த சர்க்கரை நோயில் நுண்குழாய்களின் சுவர் நலிகிறது. ஆங்காங்கே சிறு புடைப்புகள் தோன்றுகின்றன. உயிர்வளி போதாத விழித்திரை, விஇஜிஎஃப் எனப்படும் புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது குழாய்ச் சுவரை மேலும் தளர்த்துகிறது. கசிந்த நீர் திசுவுக்குள் பரவி வீங்கச் செய்கிறது. நீரோடு வந்த கொழுப்பும் புரதமும் மஞ்சள் துகள்களாகப் படிகின்றன. இவற்றைக் கடினக் கசிவுகள் என்பர். நீர் கண்ணாடிபோலத் தெளிந்தது, தட்டைப் படத்தில் தெரியாது. மஞ்சள் துகள் தெரியும். பிற்காலத்தில் எழுந்த பெரும் சிக்கல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்ததே.

சர்க்கரை நோய் மட்டுமே காரணமன்று. விழித்திரைச் சிரை அடைத்துக்கொண்டாலும் நீர் தேங்கும். கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு மாக்குலாவில் நீர்ப்பைகள் தோன்றும். 1953இல் இர்வின் கவனித்து, 1966இல் காஸ், நார்ட்டன் ஆகியோர் சாயப் படத்தால் விளக்கிய நிலை இது. நடுவயது ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு நோயில் நீர் விழித்திரைக்குள் தேங்காமல் அதற்கு அடியில் குமிழாகத் தேங்குகிறது. ஸ்டீராய்டு மருந்துகள் அதைத் தூண்டக்கூடும். கண் நீரழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பேசப்படும் நீர் கண்ணின் முன்பகுதியில் சுரந்து வடிவது. அதன் அழுத்தம் கெடுப்பது பார்வை நரம்பை.

மாக்குலா வீங்கியவருக்கு நேர்க்கோடுகள் வளைந்து தெரியலாம். கதவு நிலை நெளியும், நோட்டுப் புத்தகத்தின் கோடுகள் நடுவில் கலங்கும். ஆனால் ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண்ணின் குறையை மூளை மறைத்துவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர், இரண்டாவது கண்ணும் கெடும்வரை மருத்துவரிடம் போவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்குப் பல ஆண்டுக் கைப்பழக்கம் துணை நிற்கும். எடை போடும் இடத்தில் தராசு காட்டும் எண் தெரியாமல் பக்கத்திலிருப்பவரைக் கேட்கத் தொடங்கும்போதுதான் குறை பிடிபடலாம்.

குன்னூர் ஆய்வகம்

நீலகிரிக்கும் கண்நோய் ஆய்வுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவு, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. பெரிபெரியின் ஒரு வகையும் உடலில் நீர் கோக்கும் நோய்தான். தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கியது. மெக்காரிசனுக்குப் பின் ஆய்வகத்துக்குத் தலைமை ஏற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆர். இ. ரைட்டுடன் சேர்ந்து, வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கருவிழி கரைந்துபோகும் நோய்க்குச் சிவப்புப் பனை எண்ணெய் தந்த பலனை 1937இல் வெளியிட்டார். அந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சியே.

குன்னூரில் ஆராயப்பட்ட கண்நோய் உணவுக் குறையால் வந்தது. குழந்தையின் கண்ணைக் கையால் விரித்துப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்து வந்த கண்நோய் அப்படியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2011இல் வெளியிட்ட முதற்கட்ட முடிவின்படி தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாடு முழுவதும் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களின் கண்ணை விரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தட்டைப் படத்தின் காலம்

உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண வழி திறந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851இல் அவர் வெளியிட்ட கண்ணோக்கி, ஒளியைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, திரும்பி வரும் ஒளியை மருத்துவர் காணச் செய்தது. பார்த்ததைக் கையால் வரைந்தார்கள். 1886இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் இருவரும் விழித்திரையைப் புகைப்படமாக எடுத்தபோது நோயாளி இரண்டரை நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. சுவீடன் நாட்டு நார்டென்சனின் வடிவமைப்பில் சைஸ் நிறுவனம் 1926இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமராதான் விழித்திரைப் புகைப்படத்தை மருத்துவமனைக் கருவியாக்கியது.

படம் எவ்வளவு தெளிவானாலும் அது மேலிருந்து எடுத்த படமே. குளத்தை வானிலிருந்து படமெடுத்தால் கரையும் தாமரையும் தெரியும், ஆழம் தெரியாது. ஆழத்தை அறிய மருத்துவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, இரு கண்ணாலும் நோக்கும் பிளவு விளக்கில் சிறப்பு வில்லை வைத்து வீக்கத்தை மேடாகக் காண்பது. மற்றொன்று, சற்றே விலகிய இரு கோணங்களில் எடுத்த இரட்டைப் படங்களை ஒருசேரப் பார்த்து ஆழத்தை உணர்வது. இரண்டுக்கும் தேர்ந்த கண் வேண்டும். வீக்கம் சிறியதாக இருந்தால் தேர்ந்த கண்ணும் தவறும்.

ஆனாலும் இந்த முறைகளை வைத்தே பெரிய காரியம் ஒன்று நடந்தது. அமெரிக்காவில் நடந்த தொடக்கநிலைச் சிகிச்சை ஆய்வு 1985இல் முடிவை வெளியிட்டபோது, மாக்குலாவின் மையத்திலோ அதிலிருந்து 500 மைக்ரானுக்குள்ளோ தடிப்பு இருந்தால் லேசரால் சுடுவது பார்வை இழப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும் என்று காட்டியது. எந்த வீக்கத்துக்குச் சிகிச்சை தேவை என்பதற்கு முதன்முதலாக எல்லை வகுத்தது அந்த ஆய்வு. அதன் வரையறையில் மஞ்சள் துகளுக்கும் இடமிருந்தது. ஆனால் அருகில் தடிப்பும் இருந்தால்தான் துகள் கணக்கில் சேரும். பின்னாளில் முகாம்களில் மறைந்துபோனது இந்த நிபந்தனைதான்.

ஒளிரும் சாயம்

கசிவை நேரில் காட்டிய முதல் முறை ஃப்ளோரசின் சாயப் படம். அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் தயாரித்த இந்தச் சாயம் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களான நோவோட்னி, ஆல்விஸ் இருவரும் 1960இல் அதைக் கைச் சிரையில் செலுத்தி, விழித்திரைக் குழாய்களில் அது பாய்வதை அடுத்தடுத்துப் படமெடுத்தனர்; சோதனைக்குக் கிடைத்த முதல் கண் ஆல்விஸின் கண்ணே. அவர்கள் கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் ஏற்கவில்லை. 1961இல் இதயவியல் இதழ் ஒன்றில்தான் அது வெளியானது. மாணவர்கள் கொண்டுவந்த புதுமையைத் துறைப் பெரியவர்கள் தாண்டிச் சென்றது இதுவே முதல்முறையும் அல்ல, கடைசிமுறையும் அல்ல.

சாயம் வெளியேறும் இடம் ஒளிப்புள்ளியாகத் தொடங்கி விரியும். கண்புரை அறுவைக்குப் பிந்தைய வீக்கத்தில் அது ஃபோவியாவைச் சுற்றிப் பூவிதழ் வடிவில் நிறையும். எங்கே ஓட்டை என்பதை இந்தப் படம் சொன்னது. எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. கசியும் இடமெல்லாம் வீங்குவதில்லை, ஏனெனில் அடியிலுள்ள நிறமி அடுக்கு சேர்வதை இறைத்துக்கொண்டே இருக்கிறது. தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாகும், சிலருக்குக் குமட்டும், மிக அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும். ஊசி போட்டு, அவசர மருந்துகளோடு காத்திருக்க வேண்டிய சோதனையை ஊர்க் கூடத்து முகாமில் நடத்துவது எளிதன்று.

தடிமனுக்கு ஓர் எண்

1991 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் வெளியிட்ட கட்டுரை ஓசிடி எனப்படும் முறையை அறிமுகம் செய்தது. கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தைக் கொண்டு ஆழம் கணிப்பதுபோல, கண்ணுக்குள் செலுத்திய ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் தாமதத்தைக் கொண்டு ஆழம் கணிப்பது இதன் அடிப்படை. ஒளியின் வேகத்தில் அந்தத் தாமதத்தை எந்தக் கடிகாரமும் நேராக அளக்க முடியாது. அதனால் ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பியவை ஒன்றோடொன்று சேரும்போது எழும் குறுக்கீட்டிலிருந்து தாமதத்தைக் கணக்கிட்டார்கள். விழித்திரையைக் கத்தியால் வெட்டிப் பார்த்ததுபோன்ற குறுக்குவெட்டுப் படம் கிடைத்தது; ஊசியில்லை, சாயமில்லை.

1995இல் இதே குழுவினர் மாக்குலா வீக்கத்தை ஓசிடியால் அளந்து வெளியிட்டனர். வணிகக் கருவி 1996இல் வந்தது. 2002இல் வந்த ஸ்ட்ரேட்டஸ் கருவி நொடிக்கு 400 வரிகளைப் படித்தது. 2006 முதல் வந்த அடுத்த தலைமுறைக் கருவிகள் பல்லாயிரம் வரிகளைப் படித்தன. நோயாளி கண்ணை அசைப்பதற்குள் படம் முடிந்துவிடும் நிலை வந்தது. ஹுவாங், ஸ்வான்சன், ஃபுஜிமோட்டோ மூவரும் 2023இல் லாஸ்கர் பரிசு பெற்றனர்.

ஓசிடி படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். விழித்திரைக்குள் தேன்கூடுபோன்ற கறுப்பு அறைகள் இருந்தால் ஒரு வகை. அடியில் கறுப்புக் குமிழ் இருந்தால் வேறு வகை. முன்பு "வீக்கம் இருக்கிறது", "சற்று இருக்கலாம்" என்று எழுதிய இடத்தில் மைக்ரான் கணக்கில் எண் வந்து அமர்ந்தது. விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை 2005க்குப் பின் பரவியபோது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இந்த எண்ணே அளவுகோலானது. இந்தியாவில் 2015இல் ரானிபிசுமாப் மருந்தின் உள்நாட்டு நிகர்வடிவம் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே, புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் இங்கே உண்டு.

எண் வந்ததும் அதன்மேல் அளவுகடந்த நம்பிக்கையும் வந்தது. இரண்டு எச்சரிக்கைகளை இங்கே சொல்ல வேண்டும். ஒரு கருவியின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஸ்ட்ரேட்டஸ் விழித்திரையின் கீழெல்லையாக ஓர் அடுக்கை எடுத்துக்கொண்டது; பிந்தைய கருவிகள் அதற்கும் அடியிலுள்ள அடுக்கை எடுத்துக்கொண்டன. ஒரே கண் ஒன்றில் 200 மைக்ரானைச் சற்றே தாண்டியும் மற்றொன்றில் 270 மைக்ரானை ஒட்டியும் காட்டலாம், இரண்டும் இயல்பானவையே. மருத்துவமனை மாறும் நோயாளி எண்ணை மட்டும் எழுதி எடுத்துப் போனால், வராத வீக்கம் வந்ததுபோலத் தோன்றும். படத்தையும் கருவியின் பெயரையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். அடுத்து, தடிமன் வேறு, பார்வை வேறு. மையத்தில் வீக்கம் இருந்தும் பார்வை நன்றாக உள்ளவர்கள் 702 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், உடனே ஊசி போட்டவர்கள், லேசர் பெற்றவர்கள், கண்காணிப்பில் இருந்து பார்வை குறைந்தால் மட்டும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஆகிய மூன்று பிரிவினரிடையேயும் இரண்டாண்டுகளில் பார்வை இழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. படத்தில் கறுப்பு அறை தெரிந்ததுமே ஊசியை எடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. எழும்பூரில் இன்றும் இயங்குகிறது. விழித்திரை நோய் தனித் துறையாகத் தமிழ்நாட்டில் வேரூன்றியது 1970களுக்குப் பிறகுதான். 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978இல் சென்னையில் விழித்திரை அறுவை வல்லுநர் எஸ். எஸ். பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவை நிறுவினார்.

சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கேடு எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கணக்கும் சென்னையிலிருந்தே வந்தது. 2005இல் வெளியான கியூர்ஸ் கண் ஆய்வு, நகர்ப்புறச் சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைக் கேடும், 5 விழுக்காட்டினருக்கு மாக்குலா வீக்கமும் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வில் ஒவ்வொரு கண்ணையும் நான்கு புலங்களில் இரட்டைப் படமாக எடுத்தார்கள். ஆழத்தை விட்டுவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. 2009இல் வெளியான சங்கர நேத்ராலயாவின் ஆய்வும் 18 விழுக்காடு என்ற அளவையே எட்டியது.

கணக்கு தெரிந்ததும், மருத்துவரைத் தேடி வராதவரை எப்படிச் சென்றடைவது என்ற கேள்வி எழுந்தது. 2003இல் சங்கர நேத்ராலயா, இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்போடு பேருந்தில் கண் பரிசோதனைக் கூடத்தைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அரவிந்த் 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஒருவர் அங்கே கண்ணைப் பார்ப்பார். மருத்துவர் தொலைவிலிருந்து காணொளியில் நோயாளியோடு பேசுவார். தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டார மையங்களையும் இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபையை நெடுந்தொலைவுக்கு எட்டுமாறு மாற்றி அமைத்துக் கொடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் நடந்த முயற்சி என்பதால் மலை மாவட்டங்கள் கவனிக்க வேண்டிய முன்மாதிரி அது.

கேமராவும் சுருங்கியது. பெங்களூரு ரெமிடியோ நிறுவனம் கைப்பேசியோடு இணைத்துச் செய்த கேமராவால் சென்னையில் 301 சர்க்கரை நோயாளிகளைப் படமெடுத்து, கணினியைக் கொண்டே படிக்கச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. பார்வையை அச்சுறுத்தும் நிலையிலிருந்தவர்களில் 99 விழுக்காட்டினரைக் கணினி சரியாகப் பிடித்தது. அதற்கு முன்பே, 2016இல், கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி தந்து கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். படங்களில் ஒரு பகுதி இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றவை. அரவிந்தின் ஆர். கிம், சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமன் ஆகியோர் அதன் ஆசிரியர்களில் அடங்குவர். 2019இல் இவ்விரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது கணினி, மனிதப் பரிசோதகர்களுக்கு இணையாகவோ மேலாகவோ படங்களைப் படித்தது.

துகளை நம்பிய தவறு

இந்த வெற்றிகளின் நடுவே ஒரு குறை மறைந்து நின்றது. 2016ஆம் ஆண்டுக் கட்டுரையில் மாக்குலா வீக்கம் என்று குறிக்கப்பட்டது, வீக்கத்தை அளந்து பெற்ற முடிவன்று. மாக்குலாவுக்கு அருகில், பார்வை நரம்பு வட்டத்தின் விட்டம் அளவு தொலைவுக்குள், மஞ்சள் துகள் இருந்தால் வீக்கம் உண்டு என்று கொள்ளப்பட்டது. முகாம்களிலும் இதுவே வழக்கம். தட்டைப் படத்தில் நீர் தெரியாததால், நீர் விட்டுச்சென்ற தடத்தை நீராக எடுத்துக்கொண்டார்கள். வற்றிப்போன ஏரியிலும் கரைக்கோடு கிடக்கும். புதிதாக நீர் வந்த பள்ளத்தில் கோடு விழ நாளாகும்.

இந்த வழக்கம் எவ்வளவு தவறுகிறது என்பதை 2020இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வரதராஜன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு வெளிச்சமிட்டது. தாய்லாந்து நோயாளிகளின் தட்டைப் படத்தையும் ஓசிடி படத்தையும் சேர்த்து எடுத்து, தட்டைப் படத்தை மட்டும் விழித்திரை வல்லுநர்களிடம் காட்டினார்கள். ஓசிடி காட்டிய மைய வீக்கத்தில் 82 முதல் 85 விழுக்காட்டை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் வீக்கம் இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு, அல்லது அதற்கும் சற்று மேற்பட்டோருக்கு, வீக்கம் இருப்பதாகவே குறித்தார்கள். ஓசிடி விடையைக் கொண்டு பயிற்சி பெற்ற கணினி, அதே அளவு நோயாளிகளைப் பிடித்தபடியே, வீக்கம் இல்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. வல்லுநரின் கண்ணுக்கு எட்டாத ஏதோ குறிப்பு தட்டைப் படத்திலும் இருக்கிறது என்பது வியப்புக்குரியது. ஆனாலும் ஐந்தில் ஒருவர் அப்போதும் வீணாகவே அனுப்பப்படுவார்.

நகரத்தில் வீணாக அனுப்பப்படுவது ஒரு பிற்பகலின் அலைச்சல். மலையில் அதன் விலை வேறு.

மலைக்கணக்கு

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ஊட்டி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூரிலிருந்து பர்லியாறு, கல்லாறு வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கோவைக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கோவையைவிட வயநாடு கிட்டம். விழித்திரைக்கென்று பெரிய மருத்துவமனைகள் வளர்ந்தது கோவையில்; அரவிந்த் அங்கே 1997இல் தன் கிளையைத் திறந்தது.

உழைப்பவர்களின் நிலையும் ஒன்றுபோல இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு மருத்துவ வசதி தருவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்காக 1968 முதல் அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. டான்டீ என்று அறியப்படுபவை இவை. அந்த முதல் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களோ பெரும்பாலும் சட்டம் காட்டும் தோட்ட மருத்துவமனைக்கு வெளியே நிற்பவர்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரிக் கல்லூரியும் ஒன்று.

மாத்திரை வாசலுக்கு வருவதுபோலக் கைப்பேசிக் கேமராவும் வரக்கூடியதே. தோட்ட மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒருவரைப் பழக்கிவிட்டால் ஒரு கண்ணைச் சில நிமிடங்களில் படமெடுத்துவிடலாம். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. படத்தில் மஞ்சள் துகள் தெரிகிறது, கீழே போங்கள் என்று சொல்லப்பட்ட தொழிலாளி, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு வருபவரின் கூலியையும் விட்டு மலையிறங்குகிறார். துணை இன்றியமையாதது, பாவையை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் உள்ளது தெளியாது. அங்கே ஓசிடி எடுத்துவிட்டு, நீர் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்கிறார்கள். மருத்துவ நோக்கில் அது நல்ல செய்தி. ஆனால் அவர் வீடு திரும்பிச் சொல்லும் செய்தி வேறாக இருக்கும்: ஒன்றுமில்லாததற்கு அலையவிட்டார்கள். அடுத்த முறை, உண்மையாகவே நீர் கோத்திருக்கும்போது, அவரும் போகமாட்டார், அவர் சொல்லைக் கேட்ட லைன் வீட்டுக்காரர்களும் தயங்குவார்கள். துகள் இல்லாமலே வீங்கிய கண்ணோடு, படம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பப்பட்டவரின் இழப்பு இதைவிடப் பெரிது. கண்புரை முற்றிய முதியவரின் படமோ மூடுபனியில் எடுத்ததுபோல வரும். கணினியும் மனிதரும் படிக்க முடியாது.

ஆகவே மலை மாவட்டத்தில் தட்டைப் படத்தை மட்டும் நம்பும் பரிசோதனை பாதி வேலையே. படத்தோடு, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி எழுத்துப் பலகை படிக்கச் செய்து பார்வை அளவையும் எழுதி அனுப்புவது செலவில்லாத முதல் துணை. துகளும் இருந்து பார்வையும் குறைந்தவரை உடனே அனுப்பலாம். துகள் இருந்தும் பார்வை குறையாதவருக்கு மறுபடம் எடுக்கக் குறித்த நாள் கொடுக்கலாம். அடுத்தது, ஓசிடி கருவியை நோயாளிகளுக்கு அருகில் வைப்பது. மலைமேல், மாவட்டத்துக்குள்ளேயே அளந்துவிட்டால், படத்தைக் கீழே உள்ள வல்லுநருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க ஒரு கைப்பேசி போதும். தேனியில் காணொளிக்காக நெடுந்தொலைவு வைஃபை அமைத்த காலத்தைவிட இது எவ்வளவோ எளிது.

சிகிச்சை தொடங்கிய பின்னும் கணக்கு முடிவதில்லை. மூன்று ஊசி மருந்துகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் ஆண்டில் ஒரு கண்ணுக்குப் போடப்பட்ட ஊசிகளின் இடைநிலை எண்ணிக்கை 9 முதல் 10. கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ இருப்பவருக்கு அது ஓராண்டில் ஒன்பது பத்துப் பயணம். ஒவ்வொரு முறையும் ஓசிடி எடுத்து, நீர் வற்றியிருந்தால் அடுத்த ஊசிக்கான இடைவெளியை நான்கு வாரத்திலிருந்து ஆறு, எட்டு என்று நீட்டிச் செல்லும் முறை இப்போது பரவலாக உள்ளது. நீட்டலாமா கூடாதா என்று சொல்லும் அந்தப் படத்தை ஊட்டியிலேயே எடுத்துவிட்டால், வற்றிய கண்ணோடு அந்த மாதம் மலையிறங்க வேண்டியதில்லை.